ஊர் வரலாறு எழுதத் தொடக்ககால டச்சு வரலாற்றேடுகளை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: நெய்தல்வாசி

அனைவருக்கும் வணக்கம்.

நெதர்லாந்தில், வட ஹாலந்து மாகாணத்தின் மேற்கு பிரீஸ்லாந்துப் பகுதியில், ஹோர்ன் நகரத்துக்கும் மெடம்பிளிக்குக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் ஊரின் வரலாற்றுச் சங்கம் வெளியிடும் ஆண்டு மலருக்கு, இந்த வட்டாரத்தின் இடைக்கால வரலாற்றைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பழைய டச்சு மொழியை ஓரளவு வாசிக்கப் பழகியிருக்கிறேன். லத்தீன் எனக்குத் தெரியாது.

என் கையில் இப்போது மூன்று வகைச் சான்றுகள் இருக்கின்றன. முதலாவது, மெலிஸ் ஸ்டோக்கேயின் பெயரோடு வழங்கும் ஹாலந்தின் செய்யுள் வரலாற்றேடு. இரண்டாவது, ஹோர்ன் நகரத்து மருத்துவர் வெலியுஸ் எழுதிய அந்நகரின் வரலாற்றேடு. மூன்றாவது, சங்கத்தின் அலமாரியில் கிடைத்த 19ஆம் நூற்றாண்டுச் சிறுநூல் ஒன்று. அந்தச் சிறுநூல், 1256 ஜனவரி 28 அன்று ஹோக்வவுடில் பனிக்கட்டி உடைந்து குதிரையோடு சிக்கிக்கொண்ட ஹாலந்துப் பிரபு இரண்டாம் வில்லெமை மேற்கு பிரீசியர்கள் கொன்று, உடலை ஒரு வீட்டுக்குள் இரகசியமாகப் புதைத்ததையும், 1282இல் அவருடைய மகன் ஐந்தாம் ஃபுளோரிஸ் அதைக் கண்டெடுத்து மிடில்பர்க் மடாலயத்துக்குக் கொண்டுபோனதையும் விரிவாகக் கூறிவிட்டு, "பழைய ஏடுகள் அனைத்தும் இதை ஒருமுகமாகக் கூறுகின்றன" என்று முடிக்கிறது.

சங்கத்தில் இதைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. பழைய ஏட்டாசிரியர்கள் கதை சொல்லிகள் என்பதால் சாசனங்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறார் மூத்த உறுப்பினர் ஒருவர். நிகழ்ச்சிகளுக்கு நம்மைவிட நெருக்கமான காலத்தில் வாழ்ந்தவர்களின் சொல்லை ஒதுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று மற்றொருவர் கேட்கிறார். இரண்டு பேரும் பல ஆண்டுகள் இந்த ஊரின் ஆவணங்களோடு பழகியவர்கள் என்பதால் எவருடைய கருத்தையும் எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய ஏடுகளைப் படித்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: சுவடிநேசன்

வணக்கம், நெய்தல்வாசி. உங்கள் சங்கத்தின் இரு மூத்தவர்களும் ஏட்டாசிரியரை முழு மனிதராக எடுத்துக்கொண்டு, அவரை நம்புவதா கூடாதா என்று கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஒரே ஏட்டின் ஒரு பக்கம் மிக உயர்ந்த சான்றாகவும் அடுத்த பக்கம் வெறும் செவிவழிச் செய்தியாகவும் இருக்க முடியும். ஆகவே ஒவ்வொரு பத்தியிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: இந்தச் செய்தி இவருக்கு எங்கிருந்து வந்தது? இவர் கண்ணால் கண்டாரா, கண்டவரிடம் கேட்டாரா, ஓர் ஆவணத்தைப் படித்தாரா, இன்னொரு ஏட்டைப் பார்த்து எழுதினாரா?

உங்களிடம் இருக்கும் செய்யுள் வரலாற்றேட்டையே எடுத்துக்கொள்வோம். அது ஒருவரின் படைப்பன்று என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. முதற்பகுதியை 1280களின் தொடக்கத்தில், ஐந்தாம் ஃபுளோரிஸின் ஆட்சியில், பெயர் தெரியாத ஒருவர் எழுதினார். அவர் பெரும்பாலும் எக்மொண்ட் மடாலயத்தின் லத்தீன் ஏட்டைப் பின்பற்றினார். பின்னர் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெலிஸ் ஸ்டோக்கே அதைத் தொடர்ந்தார். ஸ்டோக்கே ஹாலந்துப் பிரபுக்களின் எழுத்தராகப் பணிபுரிந்தவர். ஆவணங்கள் எழுதப்படும் அறையிலேயே இருந்தவர் என்பதால் சாசனங்கள் அவர் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தன. 1296இல் ஃபுளோரிஸ் கொல்லப்பட்டதும் 1304இல் சீரிக்சே நகரம் முற்றுகையிடப்பட்டதும் அவருடைய பணிக்காலத்து நிகழ்ச்சிகள். முற்றுகையையும் அதைத் தொடர்ந்த கடற்போரையும் அவர் விவரிக்கும் விதத்தைப் படித்தாலே, அருகில் இருந்தவரின் குரலை உணர முடியும். ஆனால் 1256இல் நடந்த ஹோக்வவுட் நிகழ்ச்சியை அவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே எழுதுகிறார். 1282இல் எலும்புகள் மீட்கப்பட்ட செய்தி அவருக்கு இன்னும் நெருக்கமானது. அதில் பங்கேற்றவர்கள் சிலர் அவர் எழுதிய காலத்தில் உயிரோடு இருந்திருக்கக்கூடும். ஒரே கதையின் இரு பாதிகளுக்கும் வெவ்வேறு எடை இருப்பதை இதிலிருந்து காணலாம்.

அதோடு, அவர் யாருக்காக எழுதினார் என்பதையும் மறக்கக் கூடாது. 1299இல் ஹாலந்தின் ஆட்சி ஹெய்னோ வம்சத்தின் கைக்குப் போனது. ஸ்டோக்கே தம் நூலை அந்த வம்சத்தைச் சேர்ந்த மூன்றாம் வில்லெமுக்குக் காணிக்கையாக்கினார். மேற்கு பிரீசியர்கள் அவர் கண்ணுக்குத் தம் ஆண்டவரின் எதிரிகள். அவர்களுடைய தரப்பை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. அந்தக் காலத்தில் உங்கள் வட்டாரத்து மக்களே எழுதிய ஏடு ஒன்றும் நம்மிடம் இல்லாத நிலையில், தோற்றவர்களின் வரலாற்றை வென்றவர்களின் எழுத்தரிடமிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை உங்கள் கட்டுரை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். எனக்கு இது வெறும் முறையியல் நுணுக்கமாகத் தோன்றவில்லை. அந்த மக்களுக்கு நாம் செய்ய வேண்டிய நியாயமும் இதில் அடங்கியிருக்கிறது.

"பழைய ஏடுகள் அனைத்தும் ஒருமுகமாகக் கூறுகின்றன" என்ற வாக்கியத்தைக் கண்டால் உடனே பென்சிலை எடுத்து அடிக்கோடிடுங்கள். 1346ஐ ஒட்டி ஜான் பேக்கே என்பவர் உட்ரெக்ட் ஆயர்களின் வரலாற்றையும் ஹாலந்துப் பிரபுக்களின் வரலாற்றையும் இணைத்து லத்தீனில் ஓர் ஏடு எழுதினார். அந்த நூற்றாண்டின் இறுதியிலேயே அது டச்சு மொழிக்கும் வந்துவிட்டது. அதன் பிறகு எழுந்த ஹாலந்து ஏடுகளில் பெரும்பாலானவை, 15ஆம் நூற்றாண்டின் 'கவுடா சிற்றேடு', கார்மேல் துறவி யோஹன்னஸ் ஆ லைடிஸின் நூல், 1517இல் லைடனில் அச்சான கொர்னேலியுஸ் அவுரேலியுஸின் பெரிய ஏடு ஆகியவை உட்பட, நேரடியாகவோ இன்னொருவர் வழியாகவோ பேக்கேயிடம் கடன் வாங்கியவை. ஐந்து குடத்திலும் நீர் இருக்கலாம், கிணறு ஒன்றுதான். எனவே எத்தனை ஏடுகள் சொல்கின்றன என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஹோக்வவுட் பத்தியை எல்லா ஏடுகளிலிருந்தும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள். வீட்டுக்குள் புதைத்தது, இடத்தைக் காட்டிக்கொடுத்த முதியவர் போன்ற ஒவ்வொரு விவரமும் எந்த நூலில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் சேர்ந்த விவரத்துக்குத் தனி ஆதாரம் எதுவும் தென்படாவிட்டால், அது கதை வளர்ந்ததற்கான சான்றாகுமே அன்றி நிகழ்ச்சிக்கான சான்றாகாது.

பதில் 2: வடபுலத்தான்

சுவடிநேசன் ஐயா கூறியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும், ஏட்டாசிரியர்கள் என்றாலே அரசவை எழுத்தர்கள் என்ற எண்ணம் புதியவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதால், வடக்கிலிருந்து ஒரு சான்றைச் சொல்ல விரும்புகிறேன்.

குரோனிங்கன் மாகாணத்தின் விட்டேவீரும் என்ற சிற்றூரில் புளூம்ஹோஃப் என்ற மடாலயம் இருந்தது. அதன் முதல் மடாதிபதி எமோ தொடங்கிய ஏடு, அவருக்குப் பின் மென்கோவாலும் பெயர் தெரியாத இன்னொருவராலும் 1296 வரை தொடரப்பட்டது. எமோ ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்; ஒரு தேவாலயத்தின் உரிமை பற்றிய வழக்குக்காக 1211இல் ரோமுக்குப் புறப்பட்டு, போன வழியையும் வந்த வழியையும் எழுதிவைத்தவர். 1219 ஜனவரி 16 அன்று, புனித மார்செல்லுஸ் நாளில், வட கடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அவர் அந்தக் கரையோரத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். தென்மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று வடமேற்குக்குத் திரும்பியதையும், மக்கள் கூரைகளின் மேல் ஏறித் தப்ப முயன்றதையும் அவர் எழுதுகிறார். இதைப் படிக்கும்போது இரண்டு எமோக்களைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. காற்றின் திசையைக் கவனித்த எமோ ஒரு சாட்சி. இந்த வெள்ளம் எந்தப் பாவத்துக்கான தண்டனை என்று ஆராயும் எமோ ஒரு மறையாசிரியர். இரண்டாமவரின் பக்கங்களை வேண்டாதவை என்று தாண்டிப்போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 13ஆம் நூற்றாண்டுக் கரையோர மக்கள் கடலைப் பற்றி எப்படிச் சிந்தித்தார்கள் என்பதற்கு அந்தப் பக்கங்களைவிட நல்ல சான்று கிடைக்காது. தொடர்ச்சியை எழுதிய மென்கோவிடம் மடாலயத் தேவாலயத்தைக் கட்டக் கொலோனிலிருந்து ஒரு கட்டடத் தலைவர் வந்த செய்தி உண்டு. இன்று அந்தத் தேவாலயம் இல்லை. ஒரு சிற்றூரின் கட்டட வரலாறு இத்துணை நெருக்கத்தில் பதிவாகியிருப்பது அரிது.

ஊர்ப்பற்று உண்மையை விழுங்கிய ஏடுகளும் வடக்கில் உண்டு. 1590இல் சுஃப்ரிடுஸ் பெட்ருஸ் என்ற அறிஞர் பிரீசியர்களின் தோற்றத்தைப் பற்றி எழுதிய நூலில், ஃபிரிசோ என்ற மூதாதை அலெக்சாந்தர் காலத்து இந்தியாவிலிருந்து தம் சகோதரர்களோடு புறப்பட்டு வந்து பிரீஸ்லாந்தை நிறுவினார் என்றார். அந்த வருகைக்குக் கி.மு. 313 என்று ஆண்டும் குறிக்கப்பட்டது. 1597இல் ஆந்திரேயாஸ் கொர்னேலியுஸ் வெளியிட்ட ஏடு, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒக்கோ ஸ்கார்லென்சிஸ் என்பவரின் எழுத்தை அடிப்படையாகக் கொண்டது என்று சொல்லிக்கொண்டு அதே கதையைப் பரப்பியது. அப்படி ஒரு பழம் ஆசிரியர் இருந்ததற்குச் சான்று இல்லை. இந்தியப் பெயரைக் கண்டதும் நம்மவர்களில் சிலர் இந்தக் கதையை ஆவலோடு பகிர்வதைக் காண்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதே காலத்திலேயே, பிற்காலத்தில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான உப்போ எம்மியுஸ், பண்டைய ஆசிரியர்கள் எவரும் அறியாத இத்தகைய கதைகளைத் தம் பிரீசிய வரலாற்றில் மறுத்துவிட்டார். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் துணிந்து செய்த பணியை நாம் பின்னோக்கி இழுக்கலாகாது.

நெய்தல்வாசி அவர்களின் வட்டாரத்துக்கும் இது பொருந்தும். மெடம்பிளிக்கில் உங்கள் கண்ணெதிரே நிற்கும் கோட்டை ராட்பவுட் கோட்டை என்று அழைக்கப்படுகிறது. பிரீசிய அரசர் ராட்போட் 719இல் இறந்தவர். கோட்டையோ ஐந்தாம் ஃபுளோரிஸ் 1280களில், மேற்கு பிரீசியர்களை அடக்கக் கட்டிய கோட்டைகளில் ஒன்று. பிரீசியர்களை அடக்கக் கட்டிய கோட்டை ஒரு பிரீசிய அரசரின் பெயரைத் தாங்கி நிற்பதற்கு, பிற்காலத்தவர் அவருடைய நினைவை அந்தச் சுவர்களோடு இணைத்துச் சொன்ன கதைகளே காரணம்.

நெய்தல்வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹோக்வவுட் பத்திகளை அருகருகே எழுதும் பணியை இன்றே தொடங்குகிறேன்.

வெலியுஸைப் பற்றி இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் பிரபுவின் எழுத்தரும் அல்லர், துறவியும் அல்லர். 1416இல் ஹோர்னில் முதல் பெரிய ஹெர்ரிங் மீன்வலை பின்னப்பட்டது என்றும், 1595இல் அதே நகரத்தில் அகலத்தைப் போல் நான்கு மடங்கு நீளமுள்ள புதுவகைக் கப்பல்கள், அதாவது பின்னாளில் ஃபுளூட் என்று உலகெங்கும் அறியப்பட்டவை, முதன்முதலாகக் கட்டப்பட்டன என்றும் அவர் கூறுகிறார். இரண்டு செய்திகளும் எங்கள் வட்டாரத்தின் பெருமையாக எல்லாச் சிறுநூல்களிலும் இடம்பெறுகின்றன. இரண்டையும் ஒரே அளவில் நம்பலாமா? எங்கள் ஊரைப் போன்ற சிற்றூர்களைப் பற்றி அவர் மிகக் குறைவாகவே எழுதியிருக்கும்போது, அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது?

பதில் 3: காப்பகவாசகி

வணக்கம். வெலியுஸை நான் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவர் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1572இல் பிறந்து 1630இல் இறந்த அவர், தம் நகரத்தின் ஆவணங்களைத் தேடிப் படித்தார், முதியவர்களிடம் கேட்டறிந்தார். ஒரு நகரத்து மருத்துவர் எல்லா வீடுகளுக்குள்ளும் போகிறவர் என்பதும் அவருடைய நூலுக்கு வலு சேர்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் நீங்கள் குறிப்பிட்ட இரண்டு செய்திகளும் சமமானவை அல்ல. 1595இல் வெலியுஸ் 23 வயது இளைஞர். புதுவகைக் கப்பல்கள் கட்டப்பட்டது அவர் வாழ்ந்த துறைமுக நகரத்தில். அதைச் செய்தவராக அறியப்படும் பீட்டர் யான்சோன் லியோர்னேயும் அதே நகரத்துக்காரர். கப்பலின் நீளத்தையும் அகலத்தையும் அவர் ஒப்பிட்டுச் சொல்வது, துறைமுகத்தில் எல்லாரும் பார்த்து வியந்து பேசிய ஒன்றைக் கேட்டு எழுதியவரின் துல்லியம். புதுவகைக் கப்பல்கள் ஹோர்னில் அந்த ஆண்டில் கட்டப்பட்டன என்பதற்கு அவரை நல்ல சாட்சியாகவே ஏற்கலாம். அவைதாம் உலகிலேயே முதலாவது என்ற பகுதிக்கு அவர் சாட்சியாக முடியாது. பிற துறைமுகங்களில் என்ன கட்டினார்கள் என்பதை அவர் தேடிப் பார்த்து எழுதவில்லை. அதிலும், கப்பல் வகைகள் படிப்படியாக மாறி உருவாகின்றவை. ஒற்றை ஆண்டைப் பிறந்தநாளாகக் குறிப்பதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு.

1416ஆம் ஆண்டின் வலையோ அவர் பிறப்பதற்கு 150 ஆண்டுகளுக்கும் முந்தியது. அவர் எந்த ஆவணத்தைப் பார்த்தார், அல்லது எந்த நகர நினைவைக் கேட்டார் என்று நமக்குத் தெரிவிக்கப்படாத வரை, "17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோர்ன் மக்கள் தங்கள் ஹெர்ரிங் தொழிலின் தொடக்கத்தை 1416இல் வைத்தார்கள்" என்று எழுதுவதே பாதுகாப்பானது. அதுவும் ஒரு வரலாற்று உண்மைதான். ஒரு நகரம் தன் செல்வத்தின் ஊற்றை எங்கே தேடியது என்பதை அது காட்டுகிறது.

நீங்கள் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெலியுஸின் நூல் 1604இல் முதன்முறையாக வெளிவந்தது. 1617இல் அடுத்த பதிப்பும், அவர் இறந்தபின் 1648இல் இன்னொரு பதிப்பும் வந்தன. 1740இல் செபாஸ்டியான் சென்டன் தம் குறிப்புகளைச் சேர்த்து மீண்டும் வெளியிட்டார். கையாளுவதற்கு வசதியானது என்பதால் பலரும் 1740ஆம் ஆண்டுப் பதிப்பையே மேற்கோள் காட்டுகிறார்கள். அதனால், சென்டன் தந்த குறிப்பை வெலியுஸின் சொல்லாகக் கொண்டுவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. ஒரு செய்தி எந்தப் பதிப்பில் முதலில் வருகிறது, மேலே உள்ள பத்தியில் வருகிறதா அடிக்குறிப்பில் வருகிறதா என்று பார்த்த பிறகே அதற்கு ஆண்டு குறியுங்கள். தென்மேற்கு மாகாணமான சேலாந்தில் ரைகர்ஸ்பெர்க்கின் ஏட்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவர் 1551இல் எழுதியது, 1530 நவம்பர் 5 அன்று சேலாந்தை மூழ்கடித்த வெள்ளத்தை வாழ்நாளில் கண்ட ஒரு தலைமுறையின் எழுத்து. 1644இல் பாக்ஸ்ஹார்ன் அதை விரிவாக்கி வெளியிட்டபோது 17ஆம் நூற்றாண்டு அறிஞர் ஒருவரின் கருத்துகளும் அதனோடு கலந்துவிட்டன.

இப்போது உங்கள் ஊரின் இடைவெளிக்கு வருகிறேன். ஏட்டாசிரியர்கள் சிற்றூர்களைக் கவனிப்பது போரும் வெள்ளமும் தீயும் வரும்போது மட்டுமே. அவர்கள் மௌனமாக இருக்கும் ஆண்டுகளில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை வரி ஆவணங்களே பேசுகின்றன. 1494இலும் 1514இலும் ஹாலந்தின் நகரங்களிலும் கிராமங்களிலும் வரிச் சீரமைப்புக்காக விசாரணை நடத்தப்பட்டது. ஆணையாளர்கள் ஊர்ப் பொறுப்பாளர்களையும் பங்குக் குருவையும் சத்தியம் செய்வித்து, ஊரில் எத்தனை அடுப்புகள் (அதாவது குடும்பங்கள்), நற்கருணை பெறுவோர் எத்தனை பேர், மக்கள் எந்தத் தொழிலால் பிழைக்கிறார்கள், நிலம் யாருடையது, அணைக்கரைகளுக்கு எவ்வளவு செலவாகிறது என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இரண்டு விசாரணைகளும் 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சாகிவிட்டன. மேற்கு பிரீஸ்லாந்துக் கிராமங்களும் அவற்றில் உண்டு. உங்கள் ஊரின் பெயரைத் தேடி, குரு சொன்ன எண்ணையும் ஊரார் சொன்ன தொழிலையும் படித்துப் பாருங்கள். எந்த வரலாற்றேடும் தராத நெருக்கம் அந்த நான்கைந்து வரிகளில் கிடைக்கும். அவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. வரி கூடிவிடுமோ என்ற அச்சத்தில் பேசியவர்கள் தங்கள் வறுமையைக் கூட்டியும் வசதியைக் குறைத்தும் சொன்னது இயல்பு. ஏட்டாசிரியர் தம் ஊரை உயர்த்திச் சொல்லும் பக்கம் சாய்கிறார், வரி கொடுப்பவர் தாழ்த்திச் சொல்லும் பக்கம் சாய்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது உண்மைக்கு அருகில் வரலாம்.

எண்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1421 நவம்பரில் வந்த புனித எலிசபெத் வெள்ளத்தில் டோர்ட்ரெக்ட் அருகே 72 ஊர்கள் ஒரே இரவில் மூழ்கின என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. கணக்கேடுகளோடு ஒப்பிட்டபோது, இழந்த ஊர்கள் அதைவிட மிகக் குறைவு என்பதும், அந்த நிலப்பரப்பு ஒரே இரவில் போய்விடவில்லை, பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கைவிடப்பட்டது என்பதும் தெரியவந்தன. லத்தீன் விவிலியத்தில் இயேசுவின் சீடர்கள் 72 பேர் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த எண் எங்கிருந்து வந்திருக்கலாம் என்ற ஐயம் எழும். ஏட்டில் உருண்டையான எண்ணையோ சமய மணம் கொண்ட எண்ணையோ கண்டால், "மிகப் பல" என்று மட்டும் பொருள் கொண்டு மேலே போய்விடுங்கள்.

பதில் 4: சுவடிநேசன்

காப்பகவாசகி அம்மா எழுதியது மிகவும் பயனுள்ளது. இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, ஆண்டுக் கணக்கு. ஹாலந்துப் பிரபுக்களின் அலுவலகத்தில் புத்தாண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் தொடங்குவதே வழக்கம். உட்ரெக்ட் மறைமாவட்டத்தில் 1310 முதல் கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கியது. ஆகவே ஜனவரி 28 அன்று நடந்த ஹோக்வவுட் நிகழ்ச்சி ஓர் ஏட்டில் 1255 என்றும் இன்னொன்றில் 1256 என்றும் வந்தால், இரண்டு ஏடுகளும் முரண்படுவதாக எழுதிவிடாதீர்கள். ஒரே நாளை இருவேறு கணக்கில் சொல்லியிருப்பார்கள். பிற்காலத்துக்கும் இந்தக் கவனம் வேண்டும். ஹாலந்து 1582-83ஐ ஒட்டியே கிரெகோரிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. பிரீஸ்லாந்து போன்ற மாகாணங்களோ 1700-01இல்தான் மாறின. இரண்டு மாகாணங்களின் ஏடுகளை ஒப்பிடும்போது இடையில் பத்து நாள் வேறுபாடு ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, போலிகள். உங்கள் 19ஆம் நூற்றாண்டுச் சிறுநூலில் கிளாஸ் கொலைன் என்ற பெயர் வருகிறதா என்று பாருங்கள். 12ஆம் நூற்றாண்டு எக்மொண்ட் துறவி எழுதிய செய்யுள் ஏடு என்று 18ஆம் நூற்றாண்டில் கொண்டாடப்பட்டு, 1745இல் வான் லூன் பெருமுயற்சியோடு பதிப்பித்த நூல் அது. அது பிற்காலத்தவர் புனைந்த போலி என்பதை, 1772இல் மெலிஸ் ஸ்டோக்கேயைப் பதிப்பித்த ஹைடகோப்பர் மொழிச் சான்றுகளைக் கொண்டு தெளிவுபடுத்தினார். அதற்கு முன்பே கொலைனை நம்பி எழுதப்பட்ட செய்திகள் ஊர் நூல்களுக்குள் ஊடுருவிவிட்டன. பெயர் நீங்கிய பிறகும் செய்தி தங்கிவிடுகிறது.

நெய்தல்வாசி

சிறுநூலைத் திறந்து பார்த்தேன். கொலைனின் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஹோக்வவுட் பகுதியில் இல்லை. எங்கள் வட்டாரத்தின் மிகப் பழைய குடியேற்றத்தைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியை முழுவதும் விட்டுவிடுகிறேன்.

இப்போது என் கட்டுரையில் ஹோக்வவுட் நிகழ்ச்சியை எந்த வாக்கியத்தில் எழுதினால் பொருத்தமாக இருக்கும்? அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 5: காப்பகவாசகி

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "1256 ஜனவரி 28 அன்று இரண்டாம் வில்லெம் ஹோக்வவுடில் மேற்கு பிரீசியர்களால் கொல்லப்பட்டார். அரை நூற்றாண்டு கழித்து, பிரபுக்களின் பணியில் இருந்த மெலிஸ் ஸ்டோக்கே இந்நிகழ்ச்சியைத் தம் தலைவர்களின் கண்கொண்டு விவரித்தார். 1282இல் ஐந்தாம் ஃபுளோரிஸ் தந்தையின் உடலை மீட்டு மிடில்பர்க்கில் அடக்கம் செய்தார். உடல் எங்கே, எப்படி மறைக்கப்பட்டிருந்தது என்ற விவரங்கள் வரலாற்றேடுகளின் மரபைச் சேர்ந்தவை." விவரங்கள் எந்த ஏட்டில் முதலில் தோன்றுகின்றன என்பதை உங்கள் ஒப்பீட்டுத் தாள் காட்டியதும், கடைசி வாக்கியத்தில் அந்த ஏட்டின் பெயரைப் போட்டுவிடுங்கள்.

அதை அடுத்து, 1289ஐ ஒட்டி மேற்கு பிரீசிய வட்டாரங்கள் பிரபுவுக்குப் பணிந்த சாசனங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஹாலந்து, சேலாந்துச் சாசனத் தொகுப்பு 1299 வரையிலானவற்றை அச்சிலும் இணையத்திலும் தருகிறது. அந்த ஆவணங்களின் வாசகம் பிரபுவின் தரப்பு விதித்ததுதான் என்றாலும், உங்கள் வட்டாரத்து மக்கள் ஒரு தரப்பாக நின்று பேசும் எழுத்துகளில் அவை மிகப் பழையவை. உங்கள் ஊரின் பெயர் அங்கே வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம். ஸ்டோக்கே இரண்டாவது பத்திக்கு வரட்டும்.